சிரிப்பு நின்ற பக்கம்



ஒரு நூலைப் படித்து முடித்த மாணவனிடம் அதைப் பற்றி எழுதித் தருமாறு கேட்டால் அவன் என்ன எழுதுவான் என்பது நம் எல்லாருக்கும் மனப்பாடம். "இந்நூல் மிகவும் நன்றாக இருந்தது. ஆசிரியர் நகைச்சுவையாக எழுதியுள்ளார். அனைவரும் இதனைப் படித்துப் பயன்பெற வேண்டும்." இந்த மூன்று வரிகளையும் எந்த நூலுக்கும் எழுதலாம். திருக்குறளுக்கும் எழுதலாம், தையல் இயந்திரத்தோடு வரும் விளக்கக் கையேட்டுக்கும் எழுதலாம். எழுதியவன் நூலைத் திறந்தானா என்பதுகூட இதிலிருந்து தெரியாது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த வரிகளை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தாம்.

ஒரு நூலுக்கு நம் சொந்தப் பதிலைச் சொல்வது எப்படி என்பதே இன்றைய உரையின் பொருள். அதற்கு நான் எடுத்துக்கொண்டது நம் நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் லாட் அவர்கள் வரைந்தும் எழுதியும் 1979-இல் வெளியிட்ட 'தி கம்போங் பாய்' என்னும் நூல். முகமட் நோர் காலிட் என்பது அவருடைய இயற்பெயர். குழந்தையாக இருந்தபோது உருண்டையாக இருந்ததால் 'புலாட்' என்று வீட்டார் அழைக்க, அது தேய்ந்து லாட் ஆயிற்று. 1951-இல் பேராக் மாநிலத்தில் பிறந்தவர். தம் குழந்தைப் பருவத்தை, பிறந்த நாளிலிருந்து ஈப்போவுக்குப் படிக்கப் புறப்பட்ட நாள் வரைக்கும், கறுப்பு வெள்ளைப் படங்களாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்துக்குச் சில வரிகள்தாம் எழுத்து. மீதியெல்லாம் படம்.

நூலைப் படிக்காத நேயர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராமத்தில் ஒரு பிள்ளை பிறக்கிறது. பிறப்புச் சடங்குகள் நடக்கின்றன. பிள்ளை தவழ்ந்து வீட்டை ஆராய்கிறான். பிறகு வாசலுக்கு வருகிறான். பிறகு ஊரையே சுற்றுகிறான். குர்ஆன் ஓதக் கற்கும் இடத்தில் நண்பர்கள் கிடைக்கிறார்கள். ஆற்றில் குளியல், காட்டில் அலைச்சல், பாடத்தில் நாட்டமின்மை. பத்து வயதில் சுன்னத்துச் சடங்கு. அதன்பின் நண்பர்களோடு ஈயச் சுரங்கத்துப் பக்கம் போய், மண்ணைத் தோண்டும் பெரிய மிதவைக் கப்பல் கழித்துவிடும் சேற்றை அலசி ஈயம் எடுக்கக் கற்றுக்கொள்கிறான். அது சட்டத்துக்கு மாறான செயல். தந்தை பாராட்டுவார் என்று எண்ணி வீட்டுக்குக் கொண்டுபோகிறான், தண்டனைதான் கிடைக்கிறது. பெற்றோர் தன்னை நினைத்துக் கவலைப்படுவதைக் காதில் வாங்குகிறான். குடும்பத்து ரப்பர் நிலத்தைத் தந்தை அவனுக்குக் காட்டுகிறார். பையன் மனம் மாறிப் படிக்கிறான், தேர்வில் தேறுகிறான், ஈப்போவில் தங்கிப் படிக்கும் பள்ளியில் இடம் கிடைக்கிறது. அதே நேரத்தில் ஈயக் கம்பெனிக்காரர்கள் ஊர் நிலத்தை அளக்க வந்துவிடுகிறார்கள்.

அவ்வளவுதான் கதை. பெரிய சம்பவம் ஒன்றும் இல்லை. பின் ஏன் படிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்?

ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். தாய் தனக்கு அன்போடு கஞ்சி ஊட்டியதாகப் பையன் மிக அடக்கமாக எழுத்தில் கூறுகிறான். படத்தைப் பார்த்தாலோ, கஞ்சியெல்லாம் திரும்பி வெளியே வந்து தாயின் மேல் தெறிக்கிறது. அந்த அம்மாளின் முகத்தில் அன்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எழுத்து ஒன்று சொல்கிறது, படம் வேறொன்று சொல்கிறது. இரண்டுக்கும் இடையில் இருக்கிற இடைவெளியில் நாம் சிரிக்கிறோம். குழந்தைக்குத் தான் வேடிக்கையானவன் என்று தெரியாது. அது தன் காரியத்தை மிகுந்த பொறுப்போடு செய்துகொண்டிருக்கிறது. பெரியவராகிவிட்ட ஆசிரியர் அந்தப் பொறுப்பைக் கெடுக்காமல் அப்படியே விட்டுவைத்திருப்பதில்தான் நகைச்சுவை பிறக்கிறது. சுன்னத்துப் பக்கங்களைத்தான் பலர் எடுத்துச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கென்னவோ இந்தக் கஞ்சிப் பக்கத்துக்கு ஈடாக அவை தோன்றவில்லை.

படம் வரையத் தெரியாதவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். ஆர். கே. நாராயண் 1974-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டியின் பொறுப்பில் வளர்ந்த நாள்களைச் சொல்கிறார். ஒரு மயிலும் ஒரு குரங்கும்தான் அவருக்கு விளையாட்டுத் தோழர்கள். பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த பிள்ளை அவர். அந்தப் பிரிவைச் சொல்லி அவர் நம்மை அழவைக்க முயலவில்லை; மயிலையும் குரங்கையும் காட்டுகிறார். நம் தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் எண்பது வயதைத் தாண்டி, 1940-இல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது, தம் ஊராகிய உத்தமதானபுரம் உண்டான கதையைத்தான் முதலில் வைத்தார். ஏகாதசி என்பதை மறந்து வெற்றிலை போட்டுக்கொண்ட ஓர் அரசன், அதற்குப் பரிகாரமாக ஏற்படுத்திய ஊராம் அது! ஒரு வாய்த் தாம்பூலத்தால் ஓர் ஊர். பெரும்புலவர் தம் பிறப்பிடத்தைப் பற்றி இப்படிப் புன்னகையோடு தொடங்கியிருக்கிறார் என்பதை நம் பாடப்புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை.

இனி என் பதிலுக்கு வருகிறேன். அதற்கு நான் யார் என்பதையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஒரே நூல் எல்லாரிடத்திலும் ஒரே பக்கத்தில் வேலை செய்வதில்லை.

நான் மலாக்காவில், தங்கா பத்து வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். நான் ஆயாக் கொட்டகையிலும் பிறகு பாட்டியின் கண்பார்வையிலும் வளர்ந்தேன். இன்று ஆசிரியராக இருக்கும் பள்ளியும் தோட்டப் பள்ளிதான். ஆனால் பெயரில் மட்டுமே தோட்டம் இருக்கிறது. பிள்ளைகள் தாமான் வீடுகளிலிருந்து வேனில் வருகிறார்கள். பள்ளிக்குப் பின்னால் ஒரு காலத்தில் ரப்பர் இருந்தது, பிறகு செம்பனை வந்தது, இப்போது அதிலும் பாதியில் வீடுகள்.

'தி கம்போங் பாய்' நூலை நான் முதலில் படித்தது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நூலகத்தில். அப்போது எனக்கு இருபத்தோரு வயது. நூலகத்தில் சத்தமாகச் சிரித்ததற்காக வெளியே அனுப்பப்பட்டேன் என்பது தவிர வேறு நினைவில்லை. சென்ற ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் படித்துக் காட்டுவதற்காக மீண்டும் எடுத்தேன். கஞ்சிப் பக்கத்தில் சிரித்தேன். ஓதும் வகுப்பில் சிரித்தேன். பையன் ஈய மணலோடு வீட்டுக்கு ஓடிவரும் இடத்தில் சிரிக்கத் தொடங்கி, அடுத்துத் தந்தை ரப்பர் நிலத்தைக் காட்டும் பக்கத்தில் என் சிரிப்பு நின்றுபோயிற்று. கல்லூரியில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தேன் என்றே நினைக்கிறேன். ஏன் இப்போது நின்றது என்று என்னையே கேட்டுக்கொண்டபோது, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் சிரிப்பதற்காகவே சொல்லி வந்த என் சொந்தக் கதை ஒன்று முன்னால் வந்து நின்றது.

ரப்பர்த் தோட்டம் அறியாத இளைய நேயர்களுக்கு ஒரு விளக்கம். மரத்தைச் சீவியதும் பால் வடிந்து மங்கில் சேரும். மங்கு என்பது மரத்தில் கட்டியிருக்கும் கிண்ணம். நண்பகலுக்குள் அந்தப் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகும் மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருக்கும். அது மங்குக்குள்ளேயே இறுகிக் கட்டியாகிவிடும். அதுதான் கட்டிப்பால். அடுத்த முறை சீவ வரும்போது அதை எடுத்துச் சேர்த்து எடைபோடுவார்கள். அதற்கும் கூலி உண்டு. அதன் நாற்றத்தை வர்ணிக்க என்னிடம் சொல்லில்லை. தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. பெரிய பையன்கள் இருவர் எனக்கு ஒரு தொழில் கற்றுக்கொடுத்தார்கள். மாலையில் மரங்களுக்கிடையே ஓடி, மங்குகளில் இருக்கும் கட்டிப்பாலைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொள்வது. வெளியே ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து வாங்கிக்கொள்வாராம். அவர்கள் தங்கள் பங்கை விற்று ஐஸ் வாங்கித் தின்றார்கள். நான் விற்கவில்லை. முதல் சம்பாத்தியம் அல்லவா, வீட்டில் காட்ட வேண்டும் என்று சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் வந்து நின்றேன். அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கலாம் என்பதுவரை கணக்குப் போட்டிருந்தேன்.

அப்பா சாக்கைத் திறந்து பார்த்தார். என்னை அடிக்கவில்லை. டார்ச் லைட்டை எடுத்தார். "நட" என்றார்.

அந்த இரவில் நாங்கள் இருவரும் மரம் மரமாகப் போய், எடுத்த கட்டிப்பாலை மங்குகளில் திரும்பப் போட்டோம். எந்த மரத்திலிருந்து எதை எடுத்தேன் என்று அப்பா கேட்டார். நான் எப்படிச் சொல்வேன்? எல்லாக் கட்டியும் ஒன்றுபோல்தான் இருந்தன. அழுதுகொண்டே கைக்கு வந்த மங்கில் போட்டேன். சில மங்குகளில் இரண்டு விழுந்தன. ஒன்றில் மூன்று. கொசு வேறு பிடுங்கித் தின்றது. கடைசி மரத்தருகே அப்பா டார்ச்சை மேலே தூக்கி அடித்து, நிரைநிரையாக நின்ற மரங்களைக் காட்டினார். "பார்த்துக்கோ. இதுல ஒரு மரம்கூட நம்மளுது இல்ல. அந்த மங்குல இருக்கிறதும் நம்மளுது இல்ல, அத்தையோட கூலி. நாளைக்கு கிராணிக்குத் தெரிஞ்சா வேலை போகும். வேலை போனா வீடும் போகும்." இவ்வளவுதான் சொன்னார். அத்தை என்றது பக்கத்து வீட்டு அத்தையை. அவருடைய நிரையில்தான் நான் கைவைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை அந்த நிரைக்கு வந்த மண்டோர், மங்குகளை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உன் நெரையில மரமெல்லாம் ரெட்டப் புள்ள பெத்திருக்கே!" என்று சத்தமாகச் சொன்னாராம். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லையாம். அன்று மாலைக்குள் லயம் முழுவதும் அந்தப் பேச்சுப் பரவிவிட்டது. மரம் இரட்டைப் பிள்ளை பெறும் என்று நம்பிய ஒரு மண்டோர் எங்கள் தோட்டத்தில் இருந்தார் என்று நான் கல்லூரியிலும், பிறகு ஆசிரியர் அறையிலும் எத்தனையோ முறை சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். டார்ச்சைத் தூக்கிப் பிடித்து அப்பா சொன்னதை மட்டும் அந்தக் கதையில் சேர்த்ததே இல்லை.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். இரண்டு பையன்கள். இருவரும் எடுக்கக் கூடாததை எடுத்து, பாராட்டை எதிர்பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள். இருவருடைய தந்தையரும் மகனை ரப்பர் மரங்களுக்கு முன் நிறுத்துகிறார்கள். பேராக்கில் ஒரு தந்தை குடும்பத்து நிலத்தைக் காட்டுகிறார். மலாக்காவில் ஒரு தந்தை, நமக்கு ஒன்றும் இல்லை என்பதைக் காட்டுகிறார். இருவரும் அதற்குப் பிறகு படித்தார்கள். அவன் எதை நினைத்துப் படித்தானோ அறியேன். நான் பயத்தில் படித்தேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, பெராலிஹான் எனப்படும் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்திருந்தபோதும் என் மனத்தில் அந்த டார்ச் வெளிச்சம்தான் இருந்தது.

இதை லாட் அவர்கள்மேல் குறையாகச் சொல்லவில்லை. அவர் தம் கதையை உண்மையாகச் சொன்னதால்தான் என் கதையின் விடுபட்ட பகுதி எனக்குக் கிடைத்தது. அவருடைய கிராமத்துக்கும் நிலம் நிலைத்துவிடவில்லை. கம்பெனிக்காரர்கள் அளந்துகொண்டிருக்கும்போது, நல்ல விலை கிடைத்தால் ஈப்போவில் வீடு வாங்கலாம் என்று ஊரார் எதிர்பார்த்திருப்பதையும் அவர் மறைக்காமல் வரைந்திருக்கிறார். பையன் புறப்படுகிற நாளில் உற்சாகமாகத்தான் இருக்கிறான். வண்டி ஏறும் நேரத்தில் துக்கம் வந்துவிடுகிறது. திரும்பி வரும்போது ஊர் அப்படியே இருக்க வேண்டுமே என்று ஏங்குகிறான். ஈயமும் நிலைக்கவில்லை. 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபின் கிந்தாப் பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை மண் தோண்டிய மிதவைக் கப்பல் ஒன்று இப்போது சுற்றுப்பயணிகள் ஏறிப் பார்க்கும் காட்சிப்பொருளாக நிற்கிறது.

எங்கள் பக்கத்திலும் காலம் நடந்தது. 1994-இல் தங்கா பத்துவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. இரவில் கடற்பக்கத்து வானம் சிவந்து தெரியும். பாட்டி அதைப் பார்த்து, ஏதோ கோயிலில் தீமிதி நடக்கிறது என்றே சில நாள் நம்பியிருந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தோட்டம் கைமாறி, மரம் விழுந்து, லயத்தைவிட்டு வெளியேறினோம். வீடும் போகும் என்று அப்பா சொன்னது நடந்தது. கட்டிப்பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வகுப்புக்கு வருகிறேன். மாணவர்களிடம் இம்முறை "நூல் எப்படி இருந்தது?" என்று நான் கேட்கவில்லை. "எந்தப் பக்கத்தில் நின்றாய்?" என்று மட்டும் கேட்டேன். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. சரியான விடை எது என்று என் முகத்தில் தேடினார்கள். பிறகு ஒரு மாணவி கஞ்சிப் பக்கத்தைக் காட்டினாள். அம்மா தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போவதால் தம்பிக்குச் சோறு ஊட்டுவது அவள்தானாம். "அவங்க அம்மா மொகம் கரெக்டா இருக்கு சார்" என்றாள். நாங்களெல்லாம் குழந்தையைப் பார்த்துச் சிரித்த பக்கத்தில் அவள் தாயைப் பார்த்திருக்கிறாள். இன்னொரு மாணவன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நெடுநேரம் சும்மா இருந்தான். "ஊரு எங்க சார் போகும்? அவன் ஏன் பயப்படுறான்?" என்றான். நான் விடை சொல்லுமுன் பக்கத்திலிருந்தவன் சொன்னான்: "டேய், நம்ம ஸ்கூல் பேர்ல தோட்டம்னு இருக்கே, எங்கடா தோட்டம்?"

அந்த மூவரும் அன்று எழுதித் தந்தவற்றில் பிழைகள் நிறைய. ஆனால் ஒன்றை எடுத்து மற்றொன்றின் இடத்தில் வைக்க முடியாது. ஆசிரிய நண்பர்கள் இதை உங்கள் வகுப்பிலும் செய்து பார்க்கலாம். மாணவன் நின்ற பக்கத்தை முதலில் சொல்லட்டும். அங்கே என்ன இருக்கிறது என்று நூலைப் பார்த்து எழுதட்டும். அவன் வீட்டில் அதற்கு ஒத்தது என்ன, ஒவ்வாதது என்ன என்று பிறகு எழுதட்டும். ஒவ்வாததை எழுதத் தயங்குவார்கள். நூலோடு மாறுபடுவது மரியாதைக் குறைவு என்று நாம் சொல்லி வைத்திருக்கிறோம். சிரிப்பதற்கும் தயங்குவார்கள். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் கண்ணீரோடுதான் எழுதியிருக்கிறார்கள். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' முதல் அப்படித்தான். பட்ட பாடு அப்படி. ஆனால் லயத்து வாசலில் மாலை நேரங்களில் எவ்வளவு சிரிப்பு இருந்தது என்பதை அங்கே வளர்ந்த நான் அறிவேன். அந்தச் சிரிப்பை எழுதி வைத்த நூல்கள் நம்மிடம் போதிய அளவில் இல்லை.

கடந்த தீபாவளி விடுமுறையில் நூலை அப்பாவிடம் கொண்டுபோனேன். அவருக்கு எழுபத்தைந்து வயதாகிறது. ஆங்கிலம் தெரியாது, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ரப்பர் நிலத்துப் பக்கத்தில் விரலை வைத்து, "இது அவங்க சொந்த நெலமா?" என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நான்தான் விடாமல் பழைய கதையை எடுத்தேன். இரட்டைப் பிள்ளை பெற்ற மரத்தைச் சொன்னேன். மண்டோர் எப்படி ஏமாந்தார் என்று சொல்லிச் சிரித்தேன்.

அப்பா நூலை மூடினார். "அவரு எங்க ஏமாந்தாரு? ராத்திரி டார்ச் லைட்ட பார்த்துட்டு, யாருன்னு கேக்க வந்தாரு. நீ அழுதுகிட்டு மங்குல போட்டுகிட்டு இருந்த. எங்கிட்ட கையக் காட்டிட்டு மரத்துக்குப் பின்னாலயே நின்னாரு, நாம வீட்டுக்குப் போற வரைக்கும்."

அப்படியானால் மறுநாள் ஏன் அவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்று கேட்டேன்.

"கிராணி பக்கத்துல நின்னாருல்ல" என்றார் அப்பா.